பிணக் கணக்கில் வென்றார்கள், போரில் தோற்றார்கள்

1975 ஏப்ரல் 30 காலையில் சைகோன் நகரின் அமெரிக்கத் தூதரகக் கூரையிலிருந்து கடைசி ஹெலிகாப்டர் கிளம்பியது. அமெரிக்கர்களை நம்பி அவர்களிடம் வேலை பார்த்த வியட்நாமியர்கள் நூற்றுக்கணக்கானோர் தூதரக வளாகத்திலேயே கைவிடப்பட்டு நின்றார்கள். சில மணி நேரத்தில் வடவியட்நாமின் டாங்கிகள் அதிபர் மாளிகையின் இரும்புக் கதவை இடித்துக்கொண்டு உள்ளே போயின. போர் முடிந்தது.

உலகத்திலேயே அதிகப் பணமும் அதிக ஆயுதமும் கொண்ட நாடு அமெரிக்கா. 1969இல் மட்டும் அதன் படைவீரர்கள் சுமார் 5,43,000 பேர் வியட்நாமில் இருந்தார்கள். வியட்நாம், லாவோஸ், கம்போடியா ஆகிய மூன்று நாடுகள் மீதும் 70 லட்சம் டன்னுக்கும் மேல் குண்டு வீசினார்கள். இரண்டாம் உலகப் போர் முழுவதிலும் அமெரிக்கா வீசியதைப் போல மூன்று மடங்குக்கும் அதிகம். இவ்வளவையும் செய்துவிட்டு ஏழை விவசாய நாடு ஒன்றிடம் எப்படித் தோற்றார்கள்?

அமெரிக்க ஜெனரல்கள் சொன்ன பதில்கள் நமக்குத் தெரியும். காடு அடர்த்தி, மழை அதிகம், பத்திரிகைக்காரர்கள் காட்டிக்கொடுத்தார்கள், அரசியல்வாதிகள் கையைக் கட்டிப்போட்டார்கள். இந்தப் பதில்களில் ஒரு கேள்விக்கு மட்டும் இடமே இல்லை. அந்தப் போரில் மனிதர்களை யார் எண்ணினார்கள், எண்ணப்பட்டவர்கள் யார்? நாம் அந்த இடத்திலிருந்து இந்தத் தோல்வியைப் பார்க்க விரும்புகிறோம்.

ஆப் பாக்கில் தெரிந்துவிட்ட முடிவு

வியட்நாமை ஆண்டது பிரான்ஸ். 1954 மே 7 அன்று தியன் பியன் பூ என்ற இடத்தில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது. அந்தப் போருக்கான செலவில் பெரும்பகுதியை அப்போதே அமெரிக்காதான் கொடுத்துக்கொண்டிருந்தது. ஜெனீவா உடன்பாட்டின்படி நாடு தற்காலிகமாக இரண்டாகப் பிரிக்கப்பட்டது. 1956இல் தேர்தல் நடத்தி மீண்டும் ஒன்றாக்க வேண்டும். தேர்தல் நடந்தால் ஹோ சி மின் வென்றுவிடுவார் என்பது எல்லோருக்கும் தெரியும். எனவே தேர்தல் நடக்கவில்லை. தெற்கில் அமெரிக்கா தாங்கிப் பிடித்த ஆட்சி உட்கார்ந்தது.

1963 ஜனவரி 2 அன்று மீகாங் ஆற்றுப் படுகையில் ஆப் பாக் என்ற சிற்றூரில் ஒரு மோதல் நடந்தது. ஒரு பக்கம் சுமார் 350 கெரில்லாக்கள். மறுபக்கம் அதைப் போல நான்கு மடங்கு தென்வியட்நாம் படை, கூடவே அமெரிக்க ஹெலிகாப்டர்கள், கவச வண்டிகள், ஆலோசகர்கள். மாலைக்குள் ஐந்து ஹெலிகாப்டர்கள் விழுந்தன. தென்வியட்நாம் வீரர்கள் சுமார் 80 பேரும் மூன்று அமெரிக்கர்களும் இறந்தார்கள். இருட்டியதும் கெரில்லாக்கள் தங்கள் ஆட்களைத் தூக்கிக்கொண்டு நழுவிவிட்டார்கள். மறுநாள் காலியான ஊரைப் பிடித்துவிட்டு, வெற்றி என்று அறிவித்தார் அமெரிக்க ஜெனரல்.

களத்தில் இருந்த அமெரிக்க ஆலோசகர் ஜான் பால் வான் நடந்ததை நடந்தபடியே அறிக்கையாக எழுதினார். மேலே இருந்தவர்கள் அதைக் கேட்கத் தயாராக இல்லை. தோல்வியை வெற்றி என்று எழுதும் பழக்கம் அன்றைக்கே ஊறிவிட்டது. அடுத்த பத்தாண்டுகளும் அதே எழுத்துதான்.

எண்களின் அமைச்சர்

பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர் ராபர்ட் மெக்னமாரா. ஃபோர்டு கார் நிறுவனத்தின் தலைவராக இருந்துவிட்டு வந்தவர். எதையும் எண்ணிப் பார்த்துவிட்டால் நிர்வகித்துவிடலாம் என்று நம்பியவர். ஆனால் வியட்நாமில் எதை எண்ணுவது? பிடித்த ஊரை எண்ண முடியாது. பகலில் பிடித்த ஊர் இரவில் கைமாறிவிடும். எனவே பிணங்களை எண்ணினார்கள்.

தளபதி வெஸ்ட்மோர்லாந்தின் திட்டம் எளிமையானது. எதிரி புதிதாகச் சேர்க்கும் ஆட்களைவிட அதிகமான ஆட்களைக் கொன்றுகொண்டே போனால் ஒருநாள் எதிரியிடம் ஆள் தீர்ந்துவிடும். இந்தக் கணக்கில் ஓர் அடிப்படை ஓட்டை இருந்தது. வடவியட்நாமில் ஆண்டுதோறும் சுமார் 2 லட்சம் இளைஞர்கள் படையில் சேரும் வயதுக்கு வந்துகொண்டிருந்தார்கள். மேலும், பெரும்பாலான மோதல்களை எங்கே, எப்போது தொடங்குவது என்று முடிவு செய்தவர்கள் எதிரிகளே. சேதம் தாங்காது என்று தெரிந்தால் அவர்கள் சண்டைக்கே வர மாட்டார்கள். அமெரிக்கா எத்தனை பேரைக் கொல்லலாம் என்பதை எதிரி தீர்மானித்துக்கொண்டிருந்தான்.

பிணக் கணக்கைக் காட்டித்தான் அதிகாரிகளுக்குப் பதவி உயர்வு. அப்படியானால் என்ன நடக்கும்? செத்துக் கிடக்கும் விவசாயியும் எதிரிதான், அவர் மனைவியும் எதிரிதான். 1968 மார்ச் 16 அன்று மை லாய் ஊரில் அமெரிக்கப் படைப்பிரிவு ஒன்று முதியவர்களையும் பெண்களையும் கைக்குழந்தைகளையும் வரிசையாக நிறுத்திச் சுட்டது. கொல்லப்பட்டவர்கள் 504 பேர் என்கிறது வியட்நாம். இராணுவம் வெளியிட்ட செய்தி என்ன தெரியுமா? எதிரிகள் 128 பேர் கொல்லப்பட்டனர், ஆயுதங்கள் மூன்று கைப்பற்றப்பட்டன. 128 எதிரிகளிடம் மூன்றே துப்பாக்கிகளா என்று மேலதிகாரி எவரும் நிறுத்திக் கேட்கவில்லை. எண் வந்துவிட்டது, அதுவே போதுமானதாக இருந்தது. ஹியூ தாம்ப்சன் என்ற ஹெலிகாப்டர் ஓட்டி மட்டும் தன் ஊர்தியைக் கிராம மக்களுக்கும் தன் சொந்தப் படைக்கும் நடுவில் இறக்கிச் சிலரைக் காப்பாற்றினார். உண்மை வெளிவர ஓராண்டுக்கும் மேலானது. தண்டனை பெற்றது ஒரே ஒரு லெப்டினன்ட்.

யார் வீட்டுப் பிள்ளைகள்?

வியட்நாமியர்களை எண்ணாக மட்டும் பார்த்த அதே கண், அமெரிக்காவின் ஏழை வீடுகளையும் அப்படியே பார்த்தது.

அப்போது அங்கே கட்டாய ஆள்சேர்ப்பு இருந்தது. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தால் தள்ளிவைப்பு கிடைக்கும். தெரிந்த மருத்துவர் இருந்தால் சான்றிதழ் கிடைக்கும். செல்வாக்கு இருந்தால் உள்நாட்டிலேயே இருக்கும் தேசியக் காவற்படையில் இடம் கிடைக்கும். இவை எதுவும் இல்லாதவருக்குச் சேற்று வயலும் துப்பாக்கியும். யாரை அனுப்புவது என்று முடிவு செய்தவை உள்ளூர் ஆள்சேர்ப்பு வாரியங்கள். 1966இல் நாடு முழுவதும் இந்த வாரியங்களின் உறுப்பினர்களில் கறுப்பர்கள் 1.3 சதவீதம் மட்டுமே. மிசிசிப்பியில் ஒருவர்கூட இல்லை. லூசியானாவில் ஒரு பெரிய வாரியத்தின் தலைவராகப் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவர், கறுப்பர்களைக் கொலை செய்துவந்த கு கிளக்ஸ் கிளான் அமைப்பின் மாநிலத் தலைவர்.

விளைவு உடனே தெரிந்தது. மக்கள்தொகையில் கறுப்பர்கள் சுமார் 11 சதவீதம். 1965இல் களத்தில் இறந்த தரைப்படை வீரர்களில் அவர்கள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. எதிர்ப்புக் கிளம்பிய பிறகுதான் முன்வரிசையில் அவர்களை நிறுத்துவது குறைந்தது. போர் முழுவதையும் கூட்டினால் இறந்த 58,220 அமெரிக்கர்களில் கறுப்பர்கள் 7,243 பேர், அதாவது 12 சதவீதத்துக்குச் சற்று மேல். இந்தக் கடைசி எண்ணைக் காட்டி, பாகுபாடே இல்லை என்று வாதிடுபவர்கள் உண்டு. கேள்வி எழுந்த பிறகு சரிசெய்யப்பட்ட எண் அது. கேள்வி எழாமல் இருந்திருந்தால் எத்தனை ஆகியிருக்கும் என்பதை அவர்கள் சொல்வதில்லை.

1966 அக்டோபரில் மெக்னமாரா இன்னொரு திட்டத்தைத் தொடங்கினார். அதன் பெயர் 'ஒரு லட்சம் திட்டம்'. படையின் நுழைவுத் தேர்வில் தேறாத இளைஞர்களை ஆண்டுக்கு ஒரு லட்சம் பேர் வீதம் சேர்த்துக்கொள்வது. வறுமையை ஒழிக்கும் திட்டம் என்று சொல்லிக்கொண்டார்கள். ஏழைப் பிள்ளைகளுக்குத் தொழில் கற்றுக்கொடுத்து வாழ்வில் உயர்த்துவோம் என்றார்கள். 1971 வரை சுமார் 3,54,000 பேர் இப்படி எடுக்கப்பட்டார்கள். ஏறத்தாழ 40 சதவீதத்தினர் கறுப்பர்கள். மீதிப் பேரில் பலர் தெற்கு மாநிலங்களின் ஏழை வெள்ளையர்கள். சொன்ன பயிற்சி மிகச் சிலருக்கே கிடைத்தது. காலாட்படைக்குப் போனவர்கள் பலர். எழுதப் படிக்கத் தடுமாறியவர்களைக் கண்ணிவெடி புதைந்த பாதையில் நடக்கவிட்டார்கள். படைக்குள் அவர்களை 'மெக்னமாராவின் முட்டாள்கள்' என்று கேலி பேசினார்கள். நடுத்தர வர்க்கத்துக் கல்லூரி மாணவர்களை அழைத்தால் வாக்கு போய்விடும் என்று பயந்த அரசு, கேட்க நாதியற்றவர்கள் என்று நினைத்தவர்களை வைத்து அந்த இடத்தை நிரப்பியது.

இடுகாட்டிலும் இடமில்லை

அலபாமா மாநிலத்தின் வெட்டும்ப்கா ஊரைச் சேர்ந்த ஜிம்மி வில்லியம்ஸ் 1966 மே மாதம் வியட்நாமில் இறந்தார். வயது 19. தேசியக் கொடி போர்த்திய பெட்டி ஊருக்கு வந்தது. வெள்ளையர்களைப் புதைக்கும் இடத்தில் அவருக்கு ஆறடி கொடுக்க ஊர் மறுத்துவிட்டது. அவரைப் பக்கத்து மாநிலமான ஜார்ஜியாவுக்குக் கொண்டுபோய் ஆண்டர்சன்வில் தேசிய இடுகாட்டில் புதைத்தார்கள்.

அதே அலபாமாவில் பர்மிங்காம் நகரைச் சேர்ந்த பில் டெர்ரி 1969 ஜூலையில் இறந்தார். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எல்ம்வுட் இடுகாட்டில் தன்னைப் புதைக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். அது வெள்ளையர் இடுகாடு என்று சொல்லிவிட்டார்கள். வேறிடத்தில் புதைத்துவிட்டு அவர் மனைவியும் தாயும் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வென்றார்கள். 1970 ஜனவரியில் உடல் தோண்டி எடுக்கப்பட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஊர்வலமாக நடந்துவர, எல்ம்வுட்டில் புதைக்கப்பட்டது.

இந்த இரண்டு செய்திகளின் பொருளை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. பாதை மறுக்கப்பட்ட பிணங்களைச் சுமந்து நின்றவர்கள் நாம். நாட்டுக்காகச் செத்தவனுக்கு நாட்டில் ஆறடி இல்லையென்றால், அவனுடைய தம்பி எதற்காக அந்தப் படையில் சேர வேண்டும்?

அந்தக் கேள்வியைத்தான் முகம்மது அலி கேட்டார். 1967 ஏப்ரல் 28 அன்று ஹூஸ்டன் நகரில் பெயர் கூப்பிட்டபோது, படையில் சேர ஓர் அடி முன்னே எடுத்துவைக்க மறுத்தார். உலகக் குத்துச்சண்டைப் பட்டத்தைப் பறித்தார்கள். ஐந்தாண்டு சிறை, 10,000 டாலர் அபராதம் என்று தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டில் சிறை செல்லாமல் வெளியே இருந்தார், ஆனால் மூன்றாண்டுக்கும் மேல் மேடை ஏற முடியவில்லை. 1971 ஜூனில் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. அலி மறுத்ததற்குச் சில வாரங்கள் முன்பு, 1967 ஏப்ரல் 4 அன்று, நியூயார்க்கின் ரிவர்சைடு தேவாலயத்தில் மார்ட்டின் லூதர் கிங் இந்தப் போரை வெளிப்படையாகக் கண்டித்துப் பேசினார். உரிமைப் போராட்டத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், வெளிநாட்டு விவகாரம் உங்களுக்கு எதற்கு என்று பெரிய பத்திரிகைகள் அவருக்குப் பாடம் நடத்தின. சரியாக ஓராண்டு கழித்து அதே தேதியில் மெம்பிஸ் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். 'ஒரு லட்சம் திட்டம்' தொடங்கிய அதே 1966 அக்டோபரில் ஓக்லண்டில் பிறந்த கருஞ்சிறுத்தைகள் கட்சி, தன் பத்து அம்சத் திட்டத்தில் கறுப்பர்களுக்குப் படைச் சேவையிலிருந்து விலக்கு வேண்டும் என்று எழுதி வைத்தது. 1972இல் மும்பையில் தோன்றிய தலித் சிறுத்தைகள் தங்கள் பெயரை எடுத்தது இவர்களிடமிருந்துதான்.

டெட் பண்டிகை

1967 நவம்பரில் வெஸ்ட்மோர்லாந்து வாஷிங்டனுக்கு வந்து, போரின் முடிவு கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டது என்று பேசினார். பத்து வாரம் கழிந்தது. 1968 ஜனவரி 30, 31 தேதிகளில், வியட்நாமியரின் புத்தாண்டான டெட் பண்டிகையின்போது, நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களிலும் நகரங்களிலும் ஒரே நேரத்தில் தாக்குதல் தொடங்கியது. சைகோனில் அமெரிக்கத் தூதரகத்தின் மதிலை உடைத்துக்கொண்டு 19 பேர் உள்ளே புகுந்தார்கள். ஹுயே நகரை மீட்க மூன்று வாரத்துக்கும் மேலானது.

பிணக் கணக்கில் பார்த்தால் இது அமெரிக்காவின் வெற்றி. தாக்கியவர்கள் பல்லாயிரக்கணக்கில் இறந்தார்கள். கெரில்லாப் படை பழைய பலத்துக்குத் திரும்பவே இல்லை. ஆனால் எதிரியிடம் ஆள் தீரப்போகிறது என்று மூன்றாண்டுகளாகச் சொல்லிவந்த கணக்குப் புத்தகம் ஒரே இரவில் கிழிந்தது. தளபதி மேலும் 2,06,000 பேர் வேண்டும் என்று கேட்டார். வெற்றி பெற்றவருக்கு எதற்கு இன்னும் 2 லட்சம் பேர் என்று சாதாரண மக்கள் கேட்டார்கள். மார்ச் 31 அன்று அதிபர் ஜான்சன் தொலைக்காட்சியில் தோன்றி, மீண்டும் தேர்தலில் நிற்கப் போவதில்லை என்றார்.

உள்ளிருந்து உடைந்த படை

கிங் கொல்லப்பட்ட செய்தி வியட்நாமுக்கு வந்தபோது, கேம் ரான் பே தளத்தில் வெள்ளைச் சிப்பாய்கள் சிலர் கிளான் அங்கியைப் போல உடுத்திக்கொண்டு கொண்டாடினார்கள். அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தெற்கு மாநிலங்களின் பழைய கொடியை ஏற்றினார்கள். 1968 ஆகஸ்டில் லாங் பின் இராணுவச் சிறையில் கலகம் வெடித்தது. கைதிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் கறுப்பர்கள். இடப் பற்றாக்குறை, அவமதிப்பு, உடைகளைக் களைந்து நடத்தும் சோதனை எல்லாம் சேர்ந்து வெடித்தது அது. ஒரு கைதி கொல்லப்பட்டார், பலர் காயமடைந்தார்கள்.

1969 மே மாதம் ஆப் பியா மலையைப் பிடிக்கப் பத்து நாள் மேலும் மேலும் ஏறச்சொல்லி 70க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களைப் பலிகொடுத்தார்கள். சிப்பாய்கள் அதற்கு வைத்த பெயர் 'ஹாம்பர்கர் மலை', அரைத்த இறைச்சி மலை. பிடித்த சில வாரங்களிலேயே அந்த மலையை விட்டுவிட்டு இறங்கினார்கள். எதற்காக ஏறினோம் என்று கேட்க ஆரம்பித்த சிப்பாய் அதற்குப் பிறகு பழைய சிப்பாய் அல்ல. ரோந்து போகச் சொன்னால் பாதி வழியில் உட்கார்ந்துகொண்டு, போய் வந்ததாக வயர்லெஸ்ஸில் சொன்னார்கள். மிரட்டும் அதிகாரியின் கூடாரத்தில் இரவில் கையெறி குண்டு உருண்டது. இப்படி நூற்றுக்கணக்கான சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. 1971இல் தரைப்படையில் ஆயிரத்துக்கு 73 பேர் ஓடிப்போனார்கள். அந்த ஏப்ரலில், திரும்பி வந்த போர்வீரர்கள் தங்கள் பதக்கங்களை நாடாளுமன்றக் கட்டடத்தின் முன்னால் வீசி எறிந்தார்கள். 1972 அக்டோபரில் கிட்டி ஹாக் என்ற விமானந்தாங்கிக் கப்பலிலேயே இன மோதல் வெடித்தது. இரு தரப்பும் மோதிய அந்த இரவுக்காக முதலில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் அனைவரும் கறுப்பர்கள்.

1973 ஜனவரியில் பாரிஸ் ஒப்பந்தம் கையெழுத்தானது. கட்டாய ஆள்சேர்ப்பும் அந்த ஆண்டே முடிந்தது. கீழே இருப்பவர்கள் ஒத்துழைக்காமல் போனால் எவ்வளவு பெரிய இயந்திரமும் ஓடாது என்பதை ஆட்சியாளர்கள் வேறு எவரையும்விட நன்றாகப் புரிந்துகொண்டார்கள்.

வென்றவர்களை நாம் புனிதர்களாக்கவும் தேவையில்லை. ஹுயேயைப் பிடித்து வைத்திருந்த நாட்களில் கம்யூனிஸ்ட் படைகள் பொதுமக்களையும் கொன்றன. 1975க்குப் பிறகு லட்சக்கணக்கானோர் மறுகல்வி முகாம்களில் அடைக்கப்பட்டார்கள், லட்சக்கணக்கானோர் படகேறித் தப்பினார்கள். அந்நியப் படையை விரட்டிய உரிமை, சொந்த மக்களை ஒடுக்கும் உரிமையாகிவிடாது.

மீண்டும் அதே கணக்கு

2021 ஆகஸ்ட் 15 அன்று காபூல் விழுந்தபோது பலரும் சைகோன் படத்தையும் காபூல் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஹெலிகாப்டர் மட்டும் ஒரே மாதிரி இல்லை. அமெரிக்கா கட்டியெழுப்பிய ஆப்கான் படை காகிதத்தில் சுமார் 3 லட்சம் பேர். அதில் எத்தனையோ பெயர்கள், சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடிருந்த ஆவிச் சிப்பாய்கள். அவர்கள் சம்பளம் அதிகாரிகளின் பைக்குப் போனது. போர் முன்னேறுகிறது என்று ஆண்டுதோறும் சொன்ன அதிகாரிகள் உள்ளுக்குள் வேறு மாதிரி பேசியது 2019 டிசம்பரில் வெளியான ஆவணங்களில் அம்பலமானது. ஆப் பாக்கில் காலி ஊரைப் பிடித்து வெற்றி என்று சொன்ன அதே வாய். வியட்நாமில் செத்தவர்களை எண்ணினார்கள், ஆப்கானிஸ்தானில் இல்லாதவர்களை எண்ணினார்கள்.

மெக்னமாரா 1995இல் எழுதிய நூலில், வியட்நாமில் தாங்கள் செய்தது தவறு என்று ஒப்புக்கொண்டார். அந்த ஆண்டுதான் வியட்நாம் அரசும் தன் கணக்கை வெளியிட்டது. போராளிகள் 11 லட்சம் பேர், பொதுமக்கள் 20 லட்சம் பேர். காடுகளை அழிக்கத் தெளித்த 7 கோடி லிட்டருக்கும் மேலான களைக்கொல்லியின் நஞ்சு, போர் முடிந்த பிறகு பிறந்த குழந்தைகளையும் விடவில்லை.

வாஷிங்டனில் 1982இல் எழுப்பப்பட்ட கருங்கல் சுவரில் இறந்த அமெரிக்கர்களின் பெயர்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. வடிவமைத்தவர் மாயா லின், சீனாவிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தின் மகள், அப்போது 21 வயது மாணவி. அந்தச் சுவரில் பதவி கிடையாது, நிறம் கிடையாது. இறந்த தேதி வரிசையில் பெயர் மட்டும். அலபாமாவில் ஆறடி மறுக்கப்பட்டவர்களின் பெயர்களும், அவர்களை அனுப்பிய வெள்ளை அதிகாரிகளின் பெயர்களும் ஒரே அளவு எழுத்தில் நிற்கின்றன. உயிரோடு இருந்தபோது கிடைக்காத சமத்துவம் கல்லில் கிடைத்திருக்கிறது. மை லாயின் 504 பேருக்கு அந்தச் சுவரில் இடமில்லை. அவர்களுடைய பெயர்களை அவர்களுடைய ஊரிலேதான் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

போரைப் பற்றி யார் எண்களை எடுத்து நீட்டினாலும், நாம் முதலில் பெயர்களைக் கேட்போம். செத்தது யார், அனுப்பியது யார், வீட்டிலேயே தங்கிக்கொண்டது யார் என்று கேட்போம்.